ஊதிக் காட்டு

முப்பதுகளின் தொடக்கத்தில், வட்டக்கோட்டைக்கு மேற்கே ஓர் உப்பளத்தில் கங்காணியாக இருந்தேன். முதலாளிக்கு மதுவிலக்கு வெறி பிடித்திருந்த காலம் அது. குடிக்காதவனுக்கும் வெறி பிடிக்கும் என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். ஒரு சொட்டு தொடாதவர், ஞாயிறு தவறாமல் கோயிலில் முழங்கால் போடுகிறவர். அப்படிப்பட்டவரிடம் மன்னிப்பு கிடைக்காது.

அவர் சட்டப்படி, வேலையாள் தன் குடிசையில் இருந்துகூட கள் தொடக் கூடாது. தொட்டால் வேலை போகும். குடிசை அவர் நிலத்தில் இருந்ததால் அன்றைக்கே அதுவும் போகும். விடிந்ததும் ஆட்கள் வரப்பில் வரிசையாக நின்று ஒவ்வொருவராக என் முகத்தில் ஊத வேண்டும். அப்பன் வயதுக்காரரிடமும் "ஊதிக் காட்டுலே" என்றுதான் சொன்னேன்.

ஒருவன் மட்டும் எதிர்த்துக் கேட்டான். "வேலை நேரத்துல குடிச்சா கேளுங்கோ. எனக்க வீட்டுல எனக்க வாயி எனக்குள்ளதுலா?"

கேட்டானே தவிர, குடியை அன்றோடு விட்டுவிட்டான். மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம். குடிசை போனால் பேறுகாலத்தில் எங்கே போவாள்? மூன்று மாதம் அவன் வாயை முகர்ந்தவன் நான்; அவன் குடிக்கவில்லை.

ஈஸ்டர் வந்தது. எங்கள் பக்கத்தில் பண்டிகை என்றால் ஆப்பம். மாவு புளிக்கக் கள் விடுவார்கள். அதைக் குடி என்று யாரும் நினைப்பதில்லை. என் மனைவி பனையேறியிடம் ரகசியமாகக் கள் வாங்கி எங்கள் மாவில் விட்டாள். வாயும் வயிறுமாக இருக்கிறவள் ஆசைப்பட்டாளென்று, எதிர்த்துக் கேட்டவனின் மனைவிக்கும் ஒரு சிரட்டை கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலையில் இரண்டு வீட்டிலும் மிச்ச மாவில் சுட்ட ஆப்பம்தான். அன்றைக்கென்று முதலாளி என் பக்கத்தில் வந்து நின்றார். அவன் ஊதினான். புளித்த வாடையில் என் முகம் சுளித்துவிட்டது. முதலாளி அதைப் பார்த்துவிட்டார்.

"ஆப்பம் தின்னேன் முதலாளி. கள்ளு விட்டுப் புளிச்ச மாவு" என்றான் அவன்.

"கள்ளு எங்கேருந்துலே வந்துது?"

அவன் என்னைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் என் வேலையும் போகும். அவன் சொல்லவில்லை.

"கங்காணியும் ஒருக்க ஊதட்டும்" என்றான்.

நான் அவன் கன்னத்தில் அறைந்தேன். இரண்டாவது முறையும் அறைந்தேன். திட்டிக்கொண்டே அடிக்கிறவன் நான். அன்று மட்டும் வாயை இறுக்க மூடிக்கொண்டு அடித்தேன். முதலாளி என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

உச்சி வெயிலுக்குள் குடிசையின் ஓலையைப் பிரித்துப் போட்டோம். முதல் ஓலையை இழுத்தது நான்தான். அவன் பானைகளையும் பாயையும் தலையில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல என்னிடம் வந்தாள். சாபம் விடப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அக்காட்ட சொல்லுங்கோ" என்றாள் தாழ்ந்த குரலில். "அவிய கள்ளு தந்தத நாங்க ஒருத்தருட்டயும் சொல்லல்ல. பயப்படாண்டாம்."

இன்றைக்கு அதை நினைத்தால் செத்துப்போகலாம் என்றிருக்கிறது. ஆனால் அப்போது, அந்த வெயிலில், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.