சுவரைத் தட்டிய ஞாயிறு

மலேசியாவின் ஈப்போ நகரில், கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் கிந்தா ஆற்றோரப் பழைய கடைவீடுகளைச் சுற்றிக்காட்டும் நடைப்பயணத்தில் அன்று எட்டுப் பேர் இருந்தோம். நான் கட்டட ஆய்வாளர். விடுமுறையிலும் சுண்ணாம்புப் பூச்சு, மரச் சன்னல், கடைமுன் கூரைபோட்ட அஞ்சடி நடைபாதை என்று கைப்பேசியில் பட்டியல் போட்டபடி நடந்தேன்.

தொப்பி போட்ட ஒருவர் மீது எனக்குச் சந்தேகம். எல்லோரும் முகப்பைப் பார்க்கும்போது அவர் வீடுகளின் பின்பக்கச் சந்துகளைப் படமெடுத்தார். மாடியில் யார் இருக்கிறார்கள் என்று வழிகாட்டியிடம் இரண்டு முறை கேட்டார். வீடுகளை வாங்கி இடிக்க வந்தவர் என்றே முடிவு செய்தேன்.

கடைசி வீட்டில் ஓர் அக்கா தைத்துக்கொண்டிருந்தார். "அக்கா, தொப்பிக்காரர்கிட்ட எதுவும் சொல்லாதீங்க," என்றேன் மெதுவாக.

"அவரு சின்ன வயசுல மாடியில குடியிருந்தவரு லா. நீதான் யாருன்னு தெரியல. வந்ததுலேருந்து சுவரைத் தட்டித் தட்டி எழுதுற. வீட்டு முதலாளி அனுப்பின ஆளும் இப்படித்தான் தட்டினான். சுவரு விழுந்துரும், காலி பண்ணுன்னுட்டான்."

பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்திருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்ப்பது எங்கள் தொழில் பழக்கம். அதைச் சொன்னேன்.

"சரி, இந்தச் சுவரு நிக்குமா?"

"பூச்சுதான் விட்டிருக்குக்கா. செங்கல் நல்லா இருக்கிற மாதிரிதான் தெரியுது. கருவியோட வந்து பார்த்துட்டு எழுதித் தரேன்."

அவர் தையலை நிறுத்தி, அளவெழுதும் நோட்டையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

"மொதல்ல உன் ஐசி நம்பரை எழுது."

எழுதினேன். அவர் என் அடையாள அட்டையை வாங்கி, ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்தார்.