தொட்டில் வாங்க வேண்டாம்

பாப்பா, போன வாரம் நீ விடுதியிலிருந்து, "இந்த ஞாயிறு வரட்டாப்பா?" என்று கேட்டு அனுப்பினாய். நான் "வேண்டாம்" என்று மட்டும் பதில் போட்டேன். பரீட்சைக்குப் படிக்கட்டும், பஸ்ஸில் அலைய வேண்டாம் என்றுதான். நீ உடனே தம்பிக்குப் போன் செய்து, அப்பாவுக்கு என்மேல் கோபமா என்று விசாரித்தாயாம். அவன் சொன்னபோது எனக்கு நீ பிறந்த சமயம் ஞாபகம் வந்தது. உங்கள் இரண்டு பேருக்குமாக எழுதுகிறேன்.

அப்போது நான் உளுந்தூர்பேட்டையில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடையில் வேலை செய்தேன். அம்மா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். மலையில் கரியாலூருக்கும் மேலே இருக்கிற அந்த ஊரில் அன்றைக்கு டவர் கிடையாது. போன் பேச வேண்டுமென்றால் ரோட்டு வளைவில் இருக்கும் பாறைமேல் ஏற வேண்டும். அம்மாவின் அண்ணன், உங்கள் மாமா, அங்கே ஏறித்தான் சொன்னார். "மச்சான், பொண்ணு பொறந்துருக்குது. ரெண்டு பேரும் நல்லாக்கீறாங்க" என்றதோடு லைன் அறுந்துவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டும் கிடைக்கவில்லை.

முதல் பிள்ளைக்குத் தொட்டில் வாங்கிப் போடுவது தாய்வீட்டார் முறை. அந்த வருஷம் தாத்தாவின் மரவள்ளி சரியாக விளையவில்லை. அவரைச் சிரமப்படுத்தக் கூடாது என்று, பக்கத்தில் லாரி பாடி கட்டும் பட்டறை ஆசாரியிடம் மிச்சப் பலகையில் ஒரு தொட்டில் செய்யச் சொல்லியிருந்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. கொண்டுபோய் நிறுத்தி எல்லோரையும் திகைக்க வைக்க வேண்டும் என்று ஆசை.

மாமா மறுபடி பாறை ஏறும்போது அவர் போனுக்குப் போய்ச் சேரட்டும் என்று, டயர் கரி படிந்த விரலால் பட்டன் போனில் இங்கிலீஷ் எழுத்தாகத் தேடித் தேடித் தமிழைத் தட்டினேன். சேதி கிடைத்தது, தொட்டில் வாங்க வேண்டாம், ஞாயிறு வருகிறேன். அவ்வளவுதான். சிரித்துக்கொண்டேதான் தட்டினேன். "இன்னாடா, தனியா சிரிச்சிக்கினு கீற?" என்று முதலாளிகூடக் கேட்டார். அந்தச் சிரிப்பு போனுக்குள் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பலகைகளைக் கோணியில் சுற்றிக் கட்டி, கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி மலையேறினேன். கதவா, கட்டிலா, எதற்கு டிக்கெட் போடுவது என்று கண்டக்டர் கிண்டல் செய்தார். எனக்கு அன்றைக்கு எதைக் கேட்டாலும் சிரிப்புதான்.

வீட்டு வாசலில் தாத்தா உட்கார்ந்திருந்தார். வாங்க என்று சொல்லவில்லை. உள்ளே அம்மா உன்னை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே பேசினாள். "பொண்ணுன்னு புடிக்கலன்னா சொல்லிடுங்க. நாங்க இங்கியே இருந்துக்கறோம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமா போனை எடுத்து, நான் அனுப்பியதைப் படித்துக் காட்டினார். அந்த வீட்டில் இங்கிலீஷ் எழுத்து தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். தண்டோரா போடுகிறவர் மாதிரி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, சத்தமாக. "தொட்டில். வாங்க. வேண்டாம்." பிள்ளை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் இப்படியே படித்துக் காட்டியிருக்கிறார். கேட்டபோது அதை அனுப்பிய ஆள்மேல் எனக்கே கோபம் வந்தது.

நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன்.

"அப்ப இத யாரு அனுப்புனது?" என்றார் தாத்தா.

அனுப்பியது நான்தான். ஒவ்வொரு சொல்லும் என்னுடையதுதான்.

அம்மா மாமாவிடமிருந்து போனை வாங்கி என் கையில் கொடுத்தாள். "நீங்க படிங்க. ஒங்க வாயால கேக்கறேன்."

நான் படித்தேன். கண் போனில் நிற்கவில்லை, உன்மேலேயே போனது. முதல்முறையாக அப்போதுதானே உன்னைப் பார்க்கிறேன். வேண்டாம் என்பதை உன்னிடம் சொல்வதுபோல மெல்லச் சொன்னேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள். "ஏன் வேணாம்?"

இத்தனை நாளும் அந்தக் கேள்வி அவளிடம் இருந்திருக்கும். போனிடம் அதைக் கேட்க முடியாதே.

நான் கோணியை அவிழ்த்தேன். பலகைகளைக் கோத்து நிறுத்தினேன். பக்கவாட்டில் தாமரையும் கிளியும் இருந்தன. பட்டறையில் லாரிக்குப் பெயின்ட் அடிக்கிறவர் நான் கேட்காமலே வரைந்து கொடுத்தது. தாத்தா எழுந்துவந்து பலகையைத் தட்டிப் பார்த்தார். "தேக்குங்களா மாப்ள?" என்றார். அந்த "மாப்ள"வில் எனக்கு உயிர் வந்தது.

மாமா தொட்டிலைச் சுற்றிப் பின்பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். அங்கே ஏதோ எழுதியிருந்தது. இந்த முறை தமிழ்தான். ஆனாலும் அதே தண்டோராக் குரலில், சொல் சொல்லாகப் படித்தார்.

"ஒலி. எழுப்பவும்."

பெயின்டர் கைப்பழக்கத்தில் எழுதினாரோ, குறும்புக்கு எழுதினாரோ, தெரியாது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிரசவ உடம்பு, சிரித்தால் வலிக்கும், அண்ணனை நிறுத்தச் சொல்லுங்கள் என்று என்னிடமே கெஞ்சினாள். அந்தச் சத்தத்தில் நீ விழித்துக்கொண்டு, எழுதியிருந்தபடியே செய்தாய்.

பரீட்சை முடிந்ததும் வா, பாப்பா. இதையும் சேர்த்து, நான் எழுதுவதையெல்லாம் என் குரலில் படித்துக்கொள். மாமா குரலில் படிக்காதே.