துரைசாணி வரைந்த என் முகம்

டயகமவிலிருந்து என்னைப் பெண் கேட்டார்கள். மாப்பிள்ளைக்கு அங்கே கொழுந்தைத் தேயிலையாக்குகிற ஸ்டோரில் வேலை. எங்கள் தோட்டத்துத் திருவிழாவுக்கு வந்தபோது என்னைப் பார்த்திருக்கிறார். நானும் பார்த்தேன். பிடித்திருந்தது. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

அவருடைய அம்மாவுக்கு முழங்காலில் வாதம். பஸ் ஏற முடியாது. சம்பந்தம் கொண்டுவந்த என் மாமாவிடம், "பொண்ணோட போட்டோ ஒன்னு குடுத்தனுப்பச் சொல்லுங்க, மூஞ்சியப் பாத்துட்டு தேதி சொல்றேன்" என்று சொல்லி அனுப்பினார். நியாயமான கேள்விதான். கட்டிக்கொண்டு வருகிறவளின் முகத்தைப் பார்க்காமல் யார் சரி என்பார்கள்?

எங்கள் தோட்டத்திலிருந்து கொட்டகலை ஸ்டேஷனுக்கு நடை. அங்கே கோச்சி ஏறினால் ஹட்டன். ஹட்டனில் போட்டோ பிடிக்கிற கடை இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். என் அப்பா அப்படி யோசிக்கவில்லை. பங்களாவில் துரையின் மனைவி, துரைசாணியிடம் கேமரா இருக்கிறது, கேட்டால் ஒரு நிமிஷத்தில் பிடித்துத் தந்துவிடுவார், ஹட்டன்வரை எதற்கு என்று யோசித்தார்.

பத்து முட்டையைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு பங்களாவின் பின்வாசலுக்குப் போனோம். சமையல் செய்கிற கோக்கி எங்கள் ஆள். அவர்தான் உள்ளே போய்ச் சொன்னார். திரும்பி வந்தபோது அவர் முகம் சரியில்லை.

"கேமராவெல்லாம் சும்மாவாம். தொரசாணியே பொண்ண உக்கார வச்சு படம் வரையிறாங்களாம்."

"போட்டோவே போதும்னு சொல்லுங்கண்ணே" என்றார் அப்பா.

"நீ போய்ச் சொல்லு பாப்பம்."

அப்பா போகவில்லை. முட்டையைக் கொடுத்துவிட்டு வந்தோம். வழியில் கங்காணி பிடித்துக்கொண்டார். விஷயம் எங்களுக்கு முன்னால் அவருக்குப் போயிருந்தது. "தொரசாணி கையால படம்! எந்த லயத்துப் பொண்ணுக்குய்யா இது கெடைக்கும்?" என்று அப்பாவின் தோளில் தட்டினார். அப்பாவுக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

அடுத்த நாள், வேலைக்குப் பேர் கொடுக்கிற காலைப் பெரட்டில் எல்லோரும் கூடையோடு வரிசையில் நிற்கும்போது, "நீ மலைக்குப் போக வேணாம், பங்களாவுக்குப் போ" என்று கணக்கப்பிள்ளை எனக்குச் சொன்னார். பெண்கள் சும்மா விடுவார்களா?

"அடியே, மூக்கு மேல ஈ ஒக்காந்தா என்னாடி பண்ணுவ?"

"ஆடப்புடாதாம்டி. ஈயையும் சேத்து வரைஞ்சிருவாங்க."

"மூஞ்சிய நல்லா வச்சுக்கடி. நாளைக்கு மாமியாக்காரி பாக்கப்போற மூஞ்சி."

அம்மாவின் கூறைச்சேலையைக் கட்டி, தலையில் எண்ணெய் வைத்து, பவுடர் போட்டுக்கொண்டு போனேன். துரைசாணி பார்த்தார். தலையை ஆட்டினார். கொழுந்து எடுக்கப் போகிறபோது எப்படி இருப்பேனோ அப்படி வரவேண்டுமாம். திரும்பி எங்கள் லயத்து வீட்டுக்கு நடந்தேன். பவுடரைக் கழுவினேன். இடுப்பில் படங்குச் சாக்கு, முதுகில் வெறுங்கூடை, தலையில் கயிறு. கல்யாணத்துக்குக் காட்டுகிற படத்துக்கு இந்தக் கோலம். எனக்கு எரிச்சல் வந்தது. யாரிடம் சொல்ல?

ஐந்து நாள் உட்கார்ந்தேன். ஆடி மாதத்து மழை. பங்களா வெராந்தாவில் ஒரு ஸ்டூல். மலையில் நாள் பூராவும் நின்று கொழுந்து எடுத்தாலும் எனக்கு வலிக்காது. சும்மா உட்கார்ந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. வெறுங்கூடைதான். கொழுந்து நிறைந்த கூடையைவிடக் கனத்தது.

படம் வரைவதென்றால் பென்சிலால் முகத்துக்குக் கோடு போடுவார்கள் என்று நினைத்தேன். இந்த அம்மா கோடே போடவில்லை. தடித்த காகிதத்தைப் பலகையில் ஒட்டி, பஞ்சால் தண்ணீர் தடவி நனைத்தார். பிறகு ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். அதில் கட்டி கட்டியாகச் சாயம். தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து, சாயத்தைத் தொட்டு, ஈரக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டார். அது தன்பாட்டில் பரவியது. பலகையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். சாயம் ஓடுகிற பக்கமெல்லாம் பார்த்தார். என்னைப் பார்த்த நேரம் குறைவு.

என்னைப் பார்க்காவிட்டால் நான் எதற்கு உட்கார்ந்திருக்க வேண்டும்? கொஞ்சம் அசைந்தால் மட்டும் உடனே தெரிந்துவிடும். "ஆடாதே!" அவருக்குத் தெரிந்த தமிழில் அது ஒன்று. "ஒக்காரு" இன்னொன்று.

முதல் நாள் வரைந்ததைக் கிழித்துப் போட்டார். இரண்டாம் நாளும் கிழித்தார். மூன்றாம் நாள் தேத்தண்ணி கொண்டுவந்த கோக்கியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"என்னாண்ணே, மூஞ்சி வருதா?"

அவர் பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தார். "மழ நல்லா வந்துருக்கு" என்றார்.

ஐந்தாம் நாள் முடிந்தது. பலகையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

உள்ளதைச் சொல்கிறேன். இடது பக்கம் மண் நிறத்தில் ஒரு பெரிய கறை. அதன் மேல் பச்சை வழிந்து கன்னம் இருக்கவேண்டிய இடத்தில் தேங்கி நின்றது. ஒரு கண் இருக்கும் இடத்தில் நீலம். இன்னொரு கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இல்லை. உச்சியில் மட்டும் சாயம் படாத வெள்ளைக் கோடு ஒன்று, கூடைக் கயிறு அழுந்துகிற இடத்தில், சரியாக. என்னிடம் இருக்கிற அத்தனையையும் விட்டுவிட்டு அதை மட்டும் பார்த்திருக்கிறார்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டார். சந்தோஷமாக இருந்தார். கையெல்லாம் சாயம்.

"ஆமாங்க" என்றேன். அதை மறைக்க மாட்டேன். நானும்தான் சொன்னேன்.

படம் காயவில்லை. அந்த மழைக்கு எங்கள் லயத்தில் துணியே காயாது, அந்தக் காகிதம் எங்கே காயும்? ஸ்டோர் மாடியில் கொழுந்து வாட்டுகிற இடத்தில் சூடான காற்று வரும். அங்கே வைக்கச் சொல்லி உத்தரவு. மாடியில் வேலை செய்வது என் அப்பா. பலகையைப் பச்சைக்குழந்தை மாதிரி இரண்டு கையில் ஏந்திக்கொண்டு போனார். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் குதித்தார்.

"சாயம் கொழுந்துல ஒட்டுனா யாருய்யா பதில் சொல்றது? இது என்னா, எடுத்துட்டுப் போ!"

"தொரசாணி படங்கய்யா. எம் மக."

டீமேக்கர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். "ஓரமா வையி" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயந்தரம் வீட்டில் பேச்சு நடந்தது.

"கோக்கியண்ணன் வெளக்கம் சொன்னாரு" என்றார் அப்பா. "சீமையில இப்ப மூஞ்சிய வரையிறதில்லையாம். மனச வரையிறாங்களாம்."

"அவ மனசு பச்சையாவா இருக்கு?" என்றாள் அம்மா.

"எனக்கென்னா தெரியும்."

"அந்த டயகமக்காரம்மா மூஞ்சியத்தானே கேட்டாங்க? மனச யாரு கேட்டா?"

படத்தைப் பங்களாவிலேயே விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்குப் போய்ப் போட்டோ பிடிப்பது என்று முடிவு செய்தோம். அதற்கு விடவில்லை. துரைசாணி அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, துரையின் காரில் டயகம பங்களாவுக்கே அனுப்பிவிட்டார். அங்கிருந்து ஆள் மூலம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. உதவி செய்கிறாராம்.

பத்து நாள் கழித்து மாமா வந்தார். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

"வேற எடம் பாத்துக்கச் சொல்லிட்டாங்க. பொண்ணுக்கு மூஞ்சியில பச்சத் தேமல்னு அங்க பேச்சு. ஒரு கண்ணு வேற இல்லன்னு. தொரசாணி உள்ளத உள்ளபடி வரைஞ்சிருப்பாங்க, வெள்ளக்காரங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னு அந்தம்மா ஒரே பிடியா நிக்கிது."

"நீங்க சொல்லலியா? நீங்க பொறந்ததுல இருந்து பாத்த புள்ளதானே?" என்றாள் அம்மா.

"சொன்னேன். நீ பொண்ணு வீட்டுக்காரன், அப்படித்தான் சொல்லுவன்னுட்டாங்க."

அப்பா கங்காணியிடம் ஓடினார். படம் தப்பு, பெண் நன்றாக இருக்கிறாள் என்று டயகம கங்காணி வழியாகச் சொல்லச் சொன்னார். கங்காணி கையை விரித்தார். "தொரசாணி படம் தப்புன்னு நான் சொல்றதா? அது டயகம தொர காதுக்குப் போயி, அங்கருந்து நம்ம தொர காதுக்கு வந்தா? ஆள விடு." இப்போது போட்டோ பிடித்து அனுப்பினாலும் அதே வழக்குத்தான். பங்களா பொய்யா, போட்டோ பொய்யா என்று கேட்பார்கள். அப்பா வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அதற்கிடையில் துரைசாணி கோக்கியிடம் தினமும் கேட்டிருக்கிறார், மாப்பிள்ளை வீட்டுக்குப் படம் பிடித்ததா என்று. கோக்கி தினமும் "ரொம்பப் புடிச்சிருக்குங்க" என்றிருக்கிறார்.

எனக்கு அழுகை வரவில்லை. என் முகம் என்னிடம்தானே இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போய்க் காட்டவேண்டியதுதான்.

"அம்மா, ஞாயித்துக்கெழம டயகமக்குப் போவோம்."

"கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு மாப்புள்ள வீட்டுக்குப் போறதா? ஒலகத்துல இல்லாதது."

"ஒலகத்துல இல்லாத படம் போயிருச்சே. நான் போனா என்னா?"

அப்பா வரமாட்டேன் என்றார். அம்மா திட்டிக்கொண்டே புறப்பட்டாள். தலவாக்கலைக்கு ஒரு பஸ், அங்கிருந்து அக்கரப்பத்தனை வழியாக இன்னொரு பஸ். கண்ணாடியில்லாத ஜன்னலில் மழை அடித்தது. சேலை நனைந்தது. பவுடர் போடவில்லை. போட்டால் தேமலை மறைக்கிறாள் என்பார்கள்.

லயத்தைக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தோம். அவர்கள் குடியிருந்த காம்பிராவுக்கு முன்னால், இஸ்தோப்புத் திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு ஓர் அம்மா சுளகில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். முழங்காலில் துணி சுற்றியிருந்தது.

"யாரும்மா?" என்றார்.

"நீங்க வேணாம்னு சொன்ன பொண்ணு."

அம்மா என் முதுகில் கிள்ளினாள். அந்த அம்மா சுளகைக் கீழே வைத்தார். பிறகு, "இப்பிடி வெளிச்சத்துக்கு வா" என்றார். போய் முன்னால் உட்கார்ந்தேன். நாடியைப் பிடித்து முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். ஒரு கண்ணைக் கையால் மூடி மற்றக் கண்ணால் விரலை எண்ணச் சொன்னார். எண்ணினேன். சேலைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்துக் கன்னத்தைத் தேய்த்தார்.

"நல்லாத் தேயிங்க, அத்தை. போகாது. அது தோலு."

"வாயும் இருக்கு" என்றார் அவர், என் அம்மாவைப் பார்த்து.

"அது கொஞ்சம் கூடத்தான், மதினி" என்றாள் அம்மா.

அவர் சிரித்தார். பிறகு கோபம் வந்துவிட்டது. "மூஞ்சி நல்லாத்தானே இருக்கு? அந்தத் தொரசாணிக்கு ஒம் மேல என்னா கோவம்? என்னா பண்ணுன நீ?"

"ஒன்னும் பண்ணல. ஆடாம ஒக்காந்திருந்தேன்."

உள்ளே போகச் சொன்னார். சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அது மாட்டியிருந்தது. கண்ணாடி மேல் இரண்டு இடத்தில் குங்குமம்.

"பங்களாவுல இருந்து வந்தது. கீழ வச்சா குத்தம். அதான் மாட்டுனேன். சாமிக்குப் பக்கத்துல பொட்டு இல்லாம இருந்தா நல்லா இல்ல. நெத்தி எதுன்னு தெரியல, ரெண்டு எடத்துல வச்சேன்" என்றார்.

நெற்றி இரண்டிலும் இல்லை. நான் சொல்லவில்லை.

அப்போது மாப்பிள்ளை ஸ்டோரிலிருந்து வந்தார். தலையெல்லாம் தேயிலைத் தூசி. என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாருன்னு தெரியுதாடா?" என்றார் அவர் அம்மா.

"எனக்குத் தெரியும்மா. படத்துல இருக்கறதுதான் யாருன்னு தெரியல. நான் சொன்னேன், நீங்க கேக்கல."

"நீ சொன்னா? திருவிழாவுல பாத்தவனுக்கு எல்லாப் பொண்ணும் ரதிதான்." பிறகு என் அம்மாவிடம் திரும்பினார். "ஆவணியில வச்சுக்குவமா, மதினி?"

"வச்சுக்குவோம், மதினி."

தேத்தண்ணி கொடுத்தார்கள். குடித்துவிட்டு எழுந்தோம். பஸ் வரும்வரை மாப்பிள்ளை எங்களோடு ரோட்டில் நின்றார். அம்மா விடாமல் மழையைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா அதே சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

"என்னா சொன்னாங்க?"

"ஆவணி" என்றாள் அம்மா.

அப்பா எழுந்து நின்றார். முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? தொரசாணி படம் நல்லாத்தான் இருந்துருக்கு. நமக்குத்தான் அதுல ஒன்னும் வெளங்கல."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஈரச் சேலையை மாற்ற உள்ளே போய்விட்டேன்.