வெயிலுக்கு வருந்துகிறோம்

இன்று காலை துவைக்க எடுத்த சுடிதாரின் கையில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: பனியனில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டச் செக்கிங் டேபிளில் இதைத்தான் ஒட்டுவோம். பசை வாசம் மூக்கில் ஏறியதும் சாந்தாமணி ஞாபகம் வந்துவிட்டது.

நானும் அவளும் அப்போது ஒரே டேபிள். அவள் குண்டடத்துக்காரி. ஆபீசில் மெர்ச்சண்டைசிங், அதாவது வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் வேலையில் உதவிக்கு ஆள் எடுக்கப் போவதாகப் பேச்சு அடிபட்ட நேரம். "ஆபீஸ் வேலைன்னா போ கண்ணு. இல்லீனா ஆவணியில கல்யாணம்" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். மாப்பிள்ளை, ஜாதகம் எல்லாம் தயார். அவளுக்கோ துளியும் இஷ்டமில்லை. ஆபீசுக்குப் போக இங்கிலீஷ் வேண்டும். எங்கள் இருவருக்கும் அது வேப்பங்காய்.

வகுப்புக்குப் போக ஏது நேரம்? ஆபீசில் ஒரு பக்கம் அச்சடித்துக் கழித்த மெயில் தாள்கள், குறிப்பெழுத எங்கள் டேபிளுக்கு வரும். டீ நேரத்தில் அதிலிருந்து ஆளுக்கொரு வார்த்தை எடுப்போம். அதை வைத்து, அன்றைக்கு நடந்த எதையாவது இங்கிலீஷில் சொல்ல வேண்டும். தப்பென்றால் கையில் சிவப்பு அம்பு. டீக்கு வராத சூப்பர்வைசரை, "சூப்பர்வைசர் ஈஸ் பெண்டிங்" என்று சொல்லி நான் ஓர் அம்பு வாங்கியிருக்கிறேன். தீர்ப்புச் சொல்ல மட்டும் எங்களுக்கென்ன தெரியும்? ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை.

இதில் ஒரு கோளாறு. கம்பெனி மெயில் என்றால் மன்னிப்பும் கெஞ்சலும்தானே. இங்கிலீஷில் மனிதர்கள் சும்மாவும் பேசிக்கொள்வார்கள் என்பதையே மறந்துபோனோம்.

ஒரு நாள் வெளிநாட்டிலிருந்து பையர் அம்மா ஒருவர், எங்கள் பனியன்களை வாங்குகிறவர், சரக்குப் பார்க்க வந்தார். மேனேஜர் சாந்தாமணியைக் கூட நிற்கச் சொன்னார். அதுதான் பரீட்சை என்று புரிந்துவிட்டது. அந்த அம்மா வியர்வையைத் துடைத்துக்கொண்டே, இங்கே எப்போதும் இவ்வளவு வெயிலா என்று கேட்டார். சாந்தாமணி கணீரென்று, "வீ ரிக்ரெட் தி இன்கன்வீனியன்ஸ். இட் வில் நாட் ஹேப்பன் அகெய்ன்" என்றாள். சிரமத்துக்கு வருந்துகிறோம், இனி நடக்காது. திருப்பூர் வெயிலுக்கு!

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். ஆபீஸ்காரர்களும் சிரித்தார்கள். போச்சு, ஆவணிக் கல்யாணம்தான் என்று நினைத்துக்கொண்டேன். சாந்தாமணி முகம் சிவந்து நின்றாள். பிறகு டேபிளில் இருந்த ஸ்டிக்கரை உரித்துத் தன் கையிலேயே ஒட்டிக்கொண்டாள். "ராங் சென்டென்ஸ் மேடம். டுடே ஹாட். டுமாரோ ஆல்சோ ஹாட். ப்ளீஸ் டிரிங்க் வாட்டர்" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அந்த அம்மாவுக்கு விளையாட்டு பிடித்துப்போனது. தமிழில் ஒன்று சொல்லிக்கொடு என்று கேட்டு, 'வெயில் கொளுத்துதுங்க' என்று சொல்லப் பார்த்து, பாதியில் நாக்கு சுளுக்கி நின்றார். சாந்தாமணி கொஞ்சமும் யோசிக்காமல் அவர் சட்டைக் கையில் ஓர் அம்பை ஒட்டிவிட்டாள்! மேனேஜருக்கு மூச்சே நின்றிருக்கும். அந்த அம்மாவோ அதைப் பிய்க்காமலேயே நாள் முழுக்கச் சுற்றினார். சாயங்காலம் மேனேஜர், "நாளைக்கிருந்து ஆபீசுக்கு வந்துரு கண்ணு. அந்த ஸ்டிக்கரை மட்டும் இங்கயே வெச்சுட்டு வா" என்றார். எங்கள் இருவருக்கும் அழுகை வந்துவிட்டது. ஆவணி வந்தது, போனது.

அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம். மெயிலை யாரும் அச்சடிப்பதில்லை. போனே தப்பில்லாமல் எழுதிக் கொடுத்துவிடுகிறது. நான் இப்போது செக்கிங் பார்க்கும் கம்பெனியில் டீயை ஆளுக்கொரு மூலையில் போனைப் பார்த்தபடி குடிக்கிறோம். நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அப்படித் தப்புத் தப்பாகப் பேசிச் சிரித்த டீ நேரம் போயே போய்விட்டது.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. நேற்று, என் டேபிளுக்குப் புதிதாக வந்த ஒடிசாப் பெண்ணிடம் இந்த விளையாட்டைச் சொன்னேன். அவள் தமிழில் ஒன்று, நான் இந்தியில் ஒன்று. முதல் அம்பு எனக்கு. அதைத்தான் இன்று காலை படமெடுத்துச் சாந்தாமணிக்கு அனுப்பினேன். அவள் இப்போது பெரிய மெர்ச்சண்டைசிங் மேனேஜர், பதில் போட நேரமிருக்காது என்று நினைத்தேன். உடனே வந்தது:

"ஏம் புள்ள, என்ன சென்டென்ஸ் சொன்னே?"