பெரியப்பா வாசலில் கொக்குக் கோல்

என் அத்தையும் பெரியப்பாவும் பேச்சை நிறுத்தியிருந்த, மார்கழி முதல் பங்குனி வரையான அந்த நாட்களில் அவர்களுக்கு இடையே சேதி கொண்டுபோக என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது. எனக்கு அப்போது ஒன்பது வயது முடிந்திருந்தது. வீதியின் வடவரிசையில் பெரியப்பா வீடு. தென்வரிசையில், நேர் எதிரே அல்ல, ஒரு வீடு தள்ளி எங்கள் வீடு. அத்தை எங்களோடுதான் இருந்தாள். அண்ணனும் தங்கையும் அவரவர் வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள். "உங்க பெரியப்பங்கிட்டச் சொல்லு அம்மிணி" என்று அத்தை உரக்க ஆரம்பிப்பாள். நான் வீதியைக் கடந்துபோய், அவர் ஏற்கெனவே காதில் வாங்கிவிட்டதை மறுபடியும் சொல்வேன். அவரும் புதிதாகக் கேட்பதுபோல் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்படியா சொன்னா?" என்பார். அந்த வேலையை நான் மிகுந்த பொறுப்போடு செய்தேன்.

சண்டை ஏரி மரங்களைப் பற்றியது. திருச்செங்கோட்டுச் சாலையிலிருந்து பிரியும் வண்டித்தடத்தில் போனால் எங்கள் ஊர் ஏரி. அதற்குள் கருவேல மரங்கள் தோப்பாக நின்றன. ஐப்பசி மழையில் ஏரி நிறைந்தால் அடிமரம் தண்ணீருக்குள் போய்விடும். கார்த்திகையில் நாரையும் நீர்க்காக்கையும் வக்காவும் வெள்ளைக் கொக்கும் வந்து அந்த மரங்களில் கலந்து கூடு கட்டும். ஊரில் எல்லாவற்றுக்கும் கொக்கு என்றே பெயர். அவற்றின் எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்த வயலில் பயிர் கறுத்து வளரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் முட்டை எடுக்க மரம் ஏறுகிறவர்களையோ, சேலத்திலிருந்து துப்பாக்கியோடு வருகிற கனவான்களையோ யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. முதலில் கேட்டவள் அத்தை.

அவள் தனியாகக் கேட்கவில்லை. வீட்டுக்கு ஓர் ஆள் முறைவைத்து ஏரிக்கரையில் காவல் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தாள். யாருக்கும் கூலி இல்லை. எந்த அதிகாரியின் உத்தரவும் இல்லை. இப்படிப்பட்ட காரியம் இரண்டாம் வாரத்தில் படுத்துவிடும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் நேராக மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் முறைக்கோலைக் கேட்டாள். எங்கள் பக்கத்தில் பங்குனித் திருவிழாவுக்குக் கோயில் முன்னால் கம்பம் நடுவார்கள். அந்தக் கம்பத்துக்கு வீடு வீடாகக் காவல் முறை வரும். வேப்பிலை கட்டிய மூங்கில் கோல் ஒன்று உண்டு. இன்றைக்குக் காவல் இருந்த வீட்டார் பொழுது சாய்ந்ததும் அதை அடுத்த வீட்டு வாசலில் சாத்திவிட்டுப் போவார்கள். விடிந்ததும் அந்த வீட்டார் அதை எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும். மறுப்பதோ, வேறு வாசலுக்குத் தள்ளி வைப்பதோ கூடாது.

பூசாரி, "ஆத்தா கோலைக் கொக்குக்கா கேக்கறீங்க?" என்று திகைத்தார்.

"ஆத்தா பங்குனியிலதான எந்திரிப்பா? அதுவரைக்கும் கோலு மூலையில சும்மாதான கெடக்குது" என்றாள் அத்தை.

கோல் வந்துவிட்டது. முதலில் காவல்காரர்கள் தகர டின்னைத் தட்டி வேட்டைக்காரர்களை விரட்டப் பார்த்தார்கள். அந்தச் சத்தத்தில் துப்பாக்கிக்காரர்களுக்கு முன்னால் கொக்குகள்தான் ஓடிப்போயின. பிறகு அத்தை வேறு வழி கண்டுபிடித்தாள். துப்பாக்கியோடு யார் வந்தாலும் காவல் ஆள் மோர்ச் செம்போடு எதிரே போய், "வாங்க, எந்தூருங்க? ஊட்டுல எல்லாரும் சொகங்களா? எத்தனை கொழந்தைங்க? மூத்தது பையனுங்களா?" என்று விடாமல் விசாரிக்க வேண்டும். கனவான் நடந்தால் கூடவே நடக்க வேண்டும். நின்றால் நின்று, மனைவியின் ஊரைக் கேட்க வேண்டும். இத்தனை மரியாதையை வாங்கிக்கொண்டு, கேட்டவரின் தலைக்கு மேலே சுடுவதற்கு யாருக்கும் கை வரவில்லை. ஒருவர் தம் மகளுக்கு வரன் பார்க்கும்படி சொல்லிவிட்டுப் போனதாகக் கேள்வி.

வீதியில் ஒரு வீட்டை மட்டும் கோல் தாண்டிப் போகும். அது பெரியப்பா வீடு. அவர் ஊருக்குப் பெரியதனக்காரர். அத்தை ஏற்பாடு செய்த அன்றே, "கொக்குப் பட்டாளத்துல நான் சேர முடியாது" என்று என் மூலம் சொல்லியனுப்பிவிட்டார்.

காரணம் இருந்தது. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் அப்போது பஸ்கள் எல்லாம் முதுகில் பெரிய அடுப்பு உருளையைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடின. கரி போடுவதற்கு மரம் தேடி அலைந்த சேலத்துக் காண்டிராக்டர் ஒருவர், ஏரி மரங்களைக் கொடுத்தால் இடிந்து கிடந்த மதகைக் கட்டித் தருவதாகச் சொன்னார். மதகு இல்லாமல் கோடையில் தண்ணீர் நிற்பதில்லை. பெரியப்பா, "பொங்கல் கழிஞ்சதும் வெட்டிக்குங்க" என்று ஊர் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டார். பொங்கல் கழிந்ததும்தான் குஞ்சுகள் இறகு முளைக்காமல் கூட்டில் இருக்கும் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அத்தை சொன்னபோது வாக்குப் போய்விட்டது. கொடுத்த வாக்கை அவர் திரும்ப வாங்கியதாகச் சரித்திரம் இல்லை.

"குஞ்சு பறக்கற வரைக்குமாவது பொறுக்கச் சொல்லச் சொல்லு அம்மிணி."

"பஸ்ஸு பொறுக்காதாமான்னு சொல்லு."

இப்படி நான் வீதியைக் கடந்து கடந்து நடந்தேன். வெட்டுக்கு நாள் குறித்தார்கள். அன்று முறை யாருடையது என்று பார்த்தால், பெரியப்பா வீட்டுக்கு அடுத்த கிழக்கு வீட்டுக்காரருடையது. அவர் பெரியப்பாவின் தோட்டத்தை, விளைச்சலில் பங்கு கொடுத்து, வாரத்துக்கு உழுதவர். அவர் கோலைப் பிடித்துக்கொண்டு வெட்டுக்காரர்களின் எதிரே நிற்பார் என்று யாரும் நம்பவில்லை. அவரே நம்பவில்லை. முதல் நாள் பொழுதோடு, தமக்குக் காய்ச்சல் வரும்போல் இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தார். அத்தை அன்று சாப்பிடாமல் படுத்தாள்.

மறுநாள் விடிந்ததும் அத்தை என்னை எழுப்பி, பெரியம்மாவிடம் போய் உறைமோர் வாங்கி வரச் சொன்னாள். நான் கிண்ணத்தோடு வீதியைக் கடந்தேன். பெரியப்பா வீட்டு நிலைப்படியில் வேப்பிலையோடு கோல் சாத்தியிருந்தது.

நான் போட்ட சத்தத்தில் வீதியே கூடிவிட்டது. பெரியம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் பக்கத்தில் வெள்ளைத் துணியில் முடிந்த சோற்றுத் தூக்குப்போசி ஒன்று இருந்தது. பெரியப்பா வெளியே வந்து கோலை மேலும் கீழும் பார்த்தார்.

"எவ வேலை இது?"

எல்லோரும் மேற்கு வீட்டைப் பார்த்தார்கள். முந்தைய நாள் காவல் அந்த வீட்டுடையது. கோலைச் சாத்த வந்தவள் ஆட்டையாம்பட்டியிலிருந்து அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்த மருமகள்.

"நா சரியாத்தானுங்க வெச்சேன். பெரிய ஊட்டத் தாண்டி, அடுத்த ஊட்டு வாசல்லதானுங்க வெச்சேன்" என்றாள் அவள்.

"கண்ணு தெரியலையாக்கும்" என்றாள் மாமியார்.

"வெளிச்சமாத்தானுங்க இருந்துது."

ஊருக்குப் புதிது, வாசல் தெரியவில்லை என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கிழக்கு வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் விட்டுப்போனது நன்றாகத் தெரிந்தது.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, உங்க அத்தைகிட்டக் கேளு. அவ பட்டாளத்துக்கு ஆளு பத்தலையாமா?"

அத்தை எங்கள் வாசலிலிருந்து, "அது ஆத்தா கோலு, என்ற கோலு இல்லைன்னு சொல்லு. வந்த வாசல்ல எடுத்துத்தான் ஆகோணும்" என்றாள்.

"எடுக்காட்டி?"

"எடுக்காட்டி பங்குனியில கம்பத்துக்கு முன்னால நின்னு பதில் சொல்லிக்கட்டும்."

இரண்டு பக்கமும் நான் ஓடிச் சொல்லி முடிப்பதற்குள் பெரியப்பா கோலை எடுத்துவிட்டார். எடுத்த வேகத்தில் வேப்பிலை இரண்டு உதிர்ந்தது. போசியைத் தூக்கிக்கொண்டு என்னைக் கூட வரச் சொன்னார். பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்பதால் எனக்கு மறுப்பு ஒன்றும் இல்லை.

ஏரிக்கரையில் அவர் புளியமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தார். நான் வழக்கம்போல் தண்ணீர் ஓரமாகப் போய், தாழ்ந்த கிளையில் இருந்த வக்காக் கூட்டை எட்டிப் பார்க்கப் போனேன்.

"கிட்டப் போகாதே சாமி. தாய் பறந்துரும். அதுல மூணு குஞ்சு இருக்குது" என்றார் உட்கார்ந்த இடத்திலிருந்தே.

அவ்வளவு தூரத்திலிருந்து கூட்டின் உள்ளே அவருக்கு எப்படித் தெரிகிறது என்று வியந்தேன். அவருக்குக் கண் நல்ல கூர்மை என்று வைத்துக்கொண்டேன்.

வெயில் ஏறும் நேரத்தில் கோடரிகளோடு வண்டி வந்தது. வெட்டு மேஸ்திரி இறங்கி, பெரியப்பாவைக் கண்டதும் முகம் மலர்ந்து கும்பிட்டார்.

"நீங்களே வந்துட்டீங்களா! ரொம்ப நல்லதாப் போச்சுங்க. எந்த மரத்துல ஆரம்பிக்கட்டுங்க?"

"எதுலயும் ஆரம்பிக்க முடியாது."

"ஏனுங்க? நீங்கதானுங்களே வாக்குக் குடுத்தீங்க?"

"வாக்குக் குடுத்தது பெரியதனக்காரன். அவன் வாக்கு அப்படியேதான் இருக்குது. இங்க உக்காந்திருக்கறது கோலுக்காரன். கோலு கையில இருக்கையில ஒரு சுள்ளி ஒடிக்க உட்டாலும் ஆத்தா கேப்பா."

மேஸ்திரி கோலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்ப நான் ஊருக்குள்ள போயிப் பெரியதனக்காரரைப் பாத்துக் கேட்டுட்டு வாரனுங்க" என்றார்.

"அவரு ஊட்டுல இல்லை."

"எப்ப வருவாருங்க?"

"கோலு எறங்குனா வருவாரு."

"கோலு எப்பங்க எறங்கும்?"

பெரியப்பா மரங்களைப் பார்த்தார். ஒரு நாரை வந்து இறங்கியது. கூட்டிலிருந்து கழுத்துகள் ஒன்றாக எழுந்தன. "இத்தனை நாளா என்ற ஊட்டு முறை உட்டுப்போச்சு பாருங்க. அதையெல்லாம் சேத்துக் கட்டோணும். எப்படியும் மாசி கடந்துரும். நீங்க சாப்புட்டீங்களா? எந்தூருங்க? எத்தனை கொழந்தைங்க?" என்றார்.

மேஸ்திரி வண்டியில் ஏறும்வரை பெரியப்பா விசாரித்துக்கொண்டே கூட நடந்தார். வண்டி சாலைக்குத் திரும்பியதும் வந்து உட்கார்ந்து, பசிக்கிறதா என்று கேட்டார். சாப்பிட்டோம்.

சொன்னபடியே மாசி கடக்கும்வரை கோல் அவர் வாசலைவிட்டு நகரவில்லை. வெட்டுக்காரர்கள் இரண்டு முறை வந்தார்கள். இரண்டு முறையும் பெரியதனக்காரர் வீட்டில் இல்லை. காண்டிராக்டர் சலித்துப்போய் மேட்டுக்காட்டு மரங்களைத் தேடிப் போய்விட்டார். குஞ்சுகள் பறந்தன. மதகு மட்டும் இடிந்தபடியே கிடந்தது. அதற்கும் பெரியப்பாதான் வழி செய்தார். பங்குனித் திருவிழா முடிந்ததும் அதே கோலை வாங்கி, மதகு வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் என்று வீதியைச் சுற்றவிட்டார். கல் அடுக்கும்போது அத்தை கரையில் நின்று பார்த்தாள். பார்த்தவள், "அண்ணா, அந்தக் கல்லு கோணலா இருக்குது" என்று நேராகவே சொன்னாள். "அப்படியா சொல்றே?" என்று அவர் அதை எடுத்து மாற்றி வைத்தார். அத்தோடு என் வேலை போயிற்று.

எனக்கு வருத்தந்தான். ஆனால் அந்த நாட்களில் நான் பார்த்தும் யோசிக்காமல் விட்டவை சில உண்டு. மேற்கு வீட்டு மருமகளைக் கேலி செய்ய அதன் பிறகு அத்தை ஒரு நாளும் யாரையும் விடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் என்னிடம் பூக் கொடுத்து அவளுக்கு அனுப்பினாள். தவறு செய்தவளிடம் அத்தைக்கு இவ்வளவு இரக்கம் என்று நினைத்தேன். உறைமோர் வாங்கப் போன அன்று எங்கள் வீட்டிலேயே இரண்டு மாடு கறந்தது. உறிப்பானை நிறைய மோர் இருந்தது. கிண்ணத்தைப் பெரியம்மா வீட்டிலேயே வைத்துவிட்டு ஏரிக்குப் போனேன். அதை யாரும் கேட்கவும் இல்லை.

இன்னொன்று அந்தப் போசி. கோல் வாசலில் இருப்பதை நான் கத்திச் சொல்வதற்கு முன்பே அது கட்டி முடிந்திருந்தது. பெரியம்மா சுறுசுறுப்பானவள், அதனால் எனக்கு அது விசித்திரமாகத் தோன்றவில்லை. புளியமரத்தடியில் முடிச்சை அவிழ்த்தபோது பெரியப்பாவுக்குக் கம்பஞ்சோறு இருந்தது. அதன்மேல் ஒரு சின்னக் கிண்ணத்தில், எனக்குப் பிடிக்கும் என்று அத்தைக்கு மட்டுமே தெரிந்த எள்ளுருண்டை இரண்டு இருந்தன. எனக்குத்தான் என்று பெரியப்பா என் பக்கம் தள்ளி வைத்தார். அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவே ஒரு வார்த்தை போவதென்றாலும் என் வழியாகத்தான் போக வேண்டும் என்ற பெருமையோடு, இரண்டையும் நான் தின்று முடித்தேன்.