பிலோமி கடையாண்ட

பிலோமியிடம் திட்டு வாங்காதவர் என்று ராயபுரத்தில் ஒருவரைத்தான் சொல்லலாம். அது கோயில் பீடத்தில் நிற்கும் மாதா. அந்த மாதாவிடமும் மழைக்காலத்தில் கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் ஜெபம் சொல்வாள் என்று கேள்வி. ரம்பத்தூள் அடுப்பு நனைந்துவிட்டால் அன்றைக்கு ஆப்பம் இல்லை. ஆப்பம் இல்லையென்றால் வீட்டில் உலை இல்லை. அதை மாதாவிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

அவள் புருஷன் ஜேக்கப் துறைமுகத்தில் வின்ச்சு ஓட்டியவன். கப்பல் கப்பலாகச் சரக்கைத் தூக்கி இறக்கியவனுக்கு வீட்டில் ஒரு வார்த்தையைத் தூக்கி வைக்க இடம் கிடைத்ததில்லை. ஒருநாள் சங்கிலி அறுந்து தோளில் அடித்தது. அதிலிருந்து வீட்டோடு கிடந்தான். வீடு ஓடியது பிலோமியின் ஆப்பச்சட்டியில்தான்.

கோயிலுக்குப் பின்னால் மூன்று தெருக்கள் வந்து முட்டிக்கொள்ளும் முனையில் அவள் கடை. கடை என்றால் ஓர் அடுப்பு, ஒரு பெஞ்சு, மேலே ஒரு சாக்குப் படுதா, பொழுது சாய்ந்ததும் புஸ்ஸென்று எரிய ஆரம்பிக்கும் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு. ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் உண்டு, மீன் குழம்பும் உண்டு, திட்டும் உண்டு. துறைமுகத்து ஆட்கள் மூன்றையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அந்த மூன்று தெருக்களுக்கும் பெயர் உண்டா என்றால் உண்டு, நிறையவே உண்டு. முதலில் வெள்ளைக்காரன் பெயர். அதை அழித்து ஒரு தலைவர் பெயர். அடுத்த தேர்தல் முடிந்ததும் அதையும் அழித்து இன்னொரு தலைவர் பெயர். கடைசியில் எவனோ பலகையையே பெயர்த்துக்கொண்டு போய் வெந்நீர் போட்டுவிட்டான். ஆகவே அந்த வட்டாரத்துக்கே ஒரே விலாசம்தான்: பிலோமி கடையாண்ட. தபால்காரரும் அதைத்தான் கேட்பார். பொண்ணு பார்க்க வருகிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள். அங்கிருந்து அரை மைல் தள்ளி நடந்த அடிதடிக்கும் அதுதான் விலாசம்.

பக்ருதீன் பாய் சைக்கிளைத் தொலைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனபோது இப்படித்தான் ஆனது. புகார் எழுதிக்கொண்டவர் கான்ஸ்டபிள் நீலமேகம்.

"எங்கய்யா தொலஞ்சுது?"

"ரயில்வே கேட்டு தாண்டி மரவாடியாண்ட."

"எந்த மரவாடி? அங்க தடுக்கி வுழுந்தா மரவாடி. தெருப் பேரு இன்னா?"

"தெருப் பேரு யாருக்குத் தெரியும் சார்? பிலோமி கடையிலேர்ந்து நேரா போயி, அப்பால சோத்தாங்கை பக்கம் திரும்பி..."

"அட, அப்டி சொல்லேன். பிலோமி கடையாண்ட." எழுதி முடித்துவிட்டார் நீலமேகம். அன்றைக்கென்று இல்லை, என்றைக்கும் அப்படித்தான். புகார் கொடுக்கிறவனுக்கும் அது சௌகரியம், எழுதுகிறவருக்கும் அது சௌகரியம். சைக்கிள் எப்படியும் கிடைக்கப்போவதில்லை. அது எங்கே தொலைந்தால் என்ன?

அறுபத்தெட்டாம் வருஷம் உதவி கமிஷனராக பக்தவச்சலம் வந்து சேரும்வரை இதனால் யாருக்கும் ஒரு பேஜாரும் இல்லை. அவர் சீமைக்குப் போய் ஆறு மாசம் படித்துவிட்டு வந்தவர். அங்கே வாங்கிய குடையை வெயிலிலும் பிடிக்கமாட்டார், மழையிலும் பிடிக்கமாட்டார், கையில் வைத்துக்கொண்டு நடப்பார். வந்த முதல் வாரமே ஸ்டேஷன் சுவரில் ஒரு பெரிய வரைபடத்தை அறைந்தார். டிராம் வண்டி ஓடிய காலத்துப் படம். டிராமை எடுத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது, படத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

போலீஸ்காரர்களை வரிசையாக நிற்கவைத்துப் பாடம் எடுத்தார். "குற்றம் நடந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்தவேண்டும். திருட்டுக்குச் சிவப்பு, அடிதடிக்கு நீலம், சாராயத்துக்குப் பச்சை. ஊசி எங்கே அதிகமோ அங்கே போலீஸ் நிற்கவேண்டும். இனிமேல் நாம் குற்றவாளிக்குப் பின்னால் ஓடப்போவதில்லை. அவன் வருவதற்கு முன்னால் அங்கே போய் நிற்கப்போகிறோம். புரிகிறதா?"

எல்லோருக்கும் புரிந்தது. ஓட வேண்டாம், நிற்க வேண்டும் என்கிறார். இந்த மாதிரி உத்தரவு அந்த ஸ்டேஷனுக்கு வந்ததே இல்லை.

ஊசி குத்தும் வேலை நீலமேகத்துக்கு வந்தது. அவர் அப்பா தையற்காரர், குண்டூசி பழக்கம் உண்டு என்பதுதான் தகுதி. படத்தில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ் எழுத்து. நீலமேகத்துக்கு இங்கிலீஷில் தன் நம்பர் மட்டும் தெரியும். ஆனால் கோயில் எங்கே என்று தெரியும், கோயிலுக்குப் பின்னால் தான் தினமும் ஆப்பம் தின்கிற முனை எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பழைய புகார்களை எடுத்துவைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். பிலோமி கடையாண்ட, குத்து. பிலோமி கடையாண்ட, குத்து. சாயங்காலத்துக்குள் அந்த முனை அத்திப்பழம் வெடித்த மாதிரி சிவந்துவிட்டது.

மீனவர் குப்பத்தின்மேல் ஓர் ஊசிகூட இல்லை. அங்கே மண்டை உடைந்தாலும் வலை அறுந்தாலும் அவர்கள் பஞ்சாயத்திலேயே முடித்துக்கொள்வார்கள், ஸ்டேஷன் வாசலை மிதிக்கமாட்டார்கள். பக்தவச்சலம் அந்த வெற்றிடத்தைத் தடவிப் பார்த்து, "எவ்வளவு சாதுவான ஜனங்கள்!" என்று நெகிழ்ந்துபோனார். அங்கே சுற்றிக்கொண்டிருந்த ஒரே போலீஸ்காரரையும் திருப்பி அழைத்துக்கொண்டார்.

நீலமேகம் ஆப்பம் தின்றுகொண்டே பிலோமியிடம் சேதியைச் சொன்னார். "யக்கா, சர்க்கார் படத்துல ஒம் பேருதான் மொத. ஒம் மேல குத்தினமாரி வேற எவம் மேலயும் குத்தல."

பிலோமி கரண்டியை நிறுத்தினாள். "மெய்யாலுமா? சர்க்கார் படத்துலயா?"

"செவப்பு ஊசி, நீல ஊசி, பச்ச ஊசி. தேர் மாரி கீது."

அவளுக்கு அது போதும். மறுநாள் பூசை முடிந்து வெளியே வந்ததும் மீன் விற்கும் சிலுவையம்மாளைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாமே, தெரியுமா சேதி? மெட்ராஸ் படத்துல எங்கடையக் குத்தி வெச்சிகிறாங்க. கலர் கலரா."

சிலுவையம்மாளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. நேரே நீலமேகத்தைத் தேடிப் போனாள். "ஏன் நைனா, நானுந்தான் இத்தினி வருசமா மீனு விக்கிறேன். எம் மேல ஒரு ஊசி குத்தினா ஒன் கை தேஞ்சுபூடுமா?" நல்ல வஞ்சிர மீனாக ஒரு துண்டும் கொடுத்துப் பார்த்தாள். நீலமேகம் நியாயஸ்தர். மீனை வாங்கிக்கொண்டு, ஏதாவது திருட்டு நடந்தால் கட்டாயம் பார்ப்பதாகச் சொன்னார்.

பிலோமியின் பெருமை அடுத்த திங்கட்கிழமையோடு முடிந்தது. ஊசி அதிகம் உள்ள இடத்தில் போலீஸ் நிற்கவேண்டும் என்பது உத்தரவு. காலையிலேயே ஒரு கூட்டம் போலீஸ்காரர்கள் வந்து முனையில் நின்றார்கள். கால் வலித்தது, பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பசித்தது, ஆப்பம் தின்றார்கள். காக்கிச் சட்டை காசு கொடுத்து எந்த ஊரில் தின்றிருக்கிறது? துறைமுகத்து ஆட்கள் தூரத்திலேயே பெஞ்சைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் மடியில் கப்பலில் சுருட்டிய சர்க்கரை ஒரு பிடி இருக்கும், மீதிப் பேருக்குப் பழைய அடியின் ஞாபகம் இருக்கும். மாவு தீர்ந்தது, கல்லாவில் ஒன்றும் விழவில்லை. ஜேக்கப்பின் தோளுக்குத் தைலம் வாங்கமுடியாமல் வெறும் தேங்காய் எண்ணெயைத் தேய்த்தாள்.

பிறகு பக்தவச்சலமே ஜீப்பில் வந்தார். குடையால் அடுப்பைச் சுட்டிக்காட்டினார். "இதுதானா அந்த இடம்?"

பிலோமி இதற்காகத்தான் காத்திருந்தாள். "இன்னா ஐயா இது அநியாயம்? இந்த ஊர்ல மூக்குத்தி தொலஞ்சாலும் எம் பேரு, மூக்கு ஒடஞ்சாலும் எம் பேரு. எவன் எங்க திருடினாலும் பிலோமி கடையாண்டன்னுதான் சொல்வான். அது இன்னிக்கு நேத்து பழக்கமா?"

பக்தவச்சலம் திருப்தியாகத் தலையை ஆட்டினார். பக்கத்தில் நின்றவர்களிடம், "பார்த்தீர்களா? அவள் வாயாலேயே வருகிறது" என்றார். "பல வருஷப் பழக்கமாம்."

மறுநாள் போலீஸ் லாரி வந்தது. அடுப்பு, பெஞ்சு, படுதா எல்லாம் தெருவில் கிடந்தன. பிலோமி திட்டிய திட்டில் லாரி டிரைவர் இரண்டு தரம் எஞ்சினை அணைத்துவிட்டார். அதற்குமேல் அவளால் ஒன்றும் செய்யமுடியவில்லை. முனை போய்விட்டது.

நீலமேகத்துக்கு மனசு கேட்கவில்லை. வயிறும் கேட்கவில்லை. யோசித்து யோசித்து, போலீஸ் துரத்தாத இடம் ஒன்றைக் கண்டுபிடித்தார்: உதவி கமிஷனர் பங்களாவின் பின்மதில், பூவரச மரத்தடி. அங்கே துரத்துவதற்கு எவனுக்குத் தைரியம் உண்டு? ஐயா உத்தரவு கொடுத்துதான் கடை வந்தது என்று ஒவ்வொரு போலீஸ்காரரும் நினைத்துக்கொண்டார். ஐயா வீட்டு அம்மாளுக்கோ முதல் நாள் வாசனையிலேயே பிடித்துப்போயிற்று. ஆர்டர்லி மதிலுக்கு மேலே கையை நீட்டுவான், பிலோமி எனாமல் தட்டில் ஆப்பம் வைத்துக் கொடுப்பாள். காசு வராது. தட்டும் வராது. அடுத்த நாள் இன்னொரு தட்டில் கொடுப்பாள். பக்தவச்சலம் தின்றுவிட்டு, "உன் கைப்பக்குவமே தனி" என்று சம்சாரத்தை மெச்சிக்கொண்டிருந்தார்.

பழைய முனையில் பெட்ரோமாக்ஸ் இல்லை, பெஞ்சும் இல்லை, ஆளும் இல்லை. கடை போனதும் போலீசும் போய்விட்டது. இருட்டில் இப்போதுதான் நிஜமாகவே சட்டைப்பையில் கை வைக்க ஆரம்பித்தார்கள். பறிகொடுத்தவன் ஸ்டேஷனுக்கு ஓடினான். "எங்கய்யா?" என்றால் வேறு என்ன சொல்வான்? நாக்கில் பழகியது அதுதானே. பிலோமி கடையாண்ட.

நீலமேகம் ஊசியை எடுத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் நின்றார். கடை இப்போது எங்கே இருக்கிறது? காலையில்கூட அங்கேதானே நாஸ்டா துன்னோம். பங்களா பின்மதிலில் பார்த்துக் குத்தினார். முனையில் இருந்த பழைய ஊசிகளையும் பிடுங்கி அங்கேயே கொண்டுவந்தார். கடை எங்கேயோ ஊசி அங்கே. அதில் ஓரவஞ்சனை செய்யமாட்டார்.

பக்தவச்சலம் படத்தின் பக்கமே போகவில்லை. முனை சுத்தமாகிவிட்டது என்று கேட்டதும் மேலே எழுதிப்போட்டுவிட்டார். பெரிய அதிகாரி இந்த அதிசயத்தைப் பார்க்க நேரில் வந்தார். ஸ்டேஷனுக்கு வெள்ளையடித்து, வாசலில் வாழைமரம்கூடக் கட்டியிருந்தார்கள்.

பக்தவச்சலம் குடையால் படத்தைத் தொட்டு, "இந்த முனையில் இப்போது ஒரு குற்றம்கூடக் கிடையாது" என்றார்.

பெரிய அதிகாரியின் கண் வேறு இடத்தில் இருந்தது. "அது சரி. இங்கே என்ன இப்படிக் குவிந்து கிடக்கிறது? இந்த வட்டாரத்துத் திருடனெல்லாம் இங்கேதான் குடியிருக்கிறானா? எந்த இடம் இது?"

பக்தவச்சலத்துக்குத் தெரியவில்லை. நீலமேகத்தைப் பார்த்தார். நீலமேகம் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"ஐயா வீடு, ஐயா."

வெளியே வாழைமர நிழலில் நின்றிருந்த டிரைவர்கூடச் சிரித்துவிட்டான் என்கிறார்கள். பெரிய அதிகாரி சிரிக்கவில்லை. அதுதான் பக்தவச்சலத்துக்குப் பயமாக இருந்தது.

விடிந்ததும் விடியாததுமாக அதே லாரி பூவரச மரத்தடிக்கு வந்தது. பிலோமியைப் பழைய முனைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும் என்று உத்தரவு. பிலோமி அடுப்பைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"நான் ஏன் வரணும்? இங்க நெழலு கீது. காத்து நல்லா வருது. ஐயா வூட்டுக்கும் என்னை வுட்டா யாரு கீறா?"

"யக்கா, கால்ல வுழறேன்" என்றார் நீலமேகம். "ஐயா உசிரு போவுது."

"எங்கடைய தூக்கிப் போட்டப்ப எங்க போச்சு அந்த உசிரு? சரி, வரேன். அந்த பெஞ்ச நீங்கதான் தூக்கணும். இனிமே எந்தக் காக்கியும் அதுல குந்தக்கூடாது. துன்னா காசு. அப்பால, வூட்டாண்ட நிறுத்தி எம் புருசன ஏத்திக்கணும், டிரைவராண்ட குந்திகினு வருவாரு. அவரு தோளு குலுங்கக்கூடாது. மெதுவா ஓட்டு."

எல்லாம் அப்படியே நடந்தது. போலீஸ்காரர்கள் பெஞ்சைச் சுமக்க, ஜேக்கப் முன்னால் உட்கார்ந்து கலெக்டர் மாதிரி ராயபுரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். அன்று சாயங்காலமே முனையில் பெட்ரோமாக்ஸ் எரிந்தது. துறைமுகத்து ஆட்கள் திட்டு வாங்க வந்துவிட்டார்கள். உத்தியோகஸ்தர் குடியிருப்புப் பகுதியில் குற்றங்களை ஒரே நாளில் துடைத்தெறிந்ததாக பக்தவச்சலம் மேலே எழுதினார். அடுத்த வருஷம் அதற்கு அவருக்கு ஒரு பதக்கமும் வந்தது.

நீலமேகம் மறுநாள் காசை எடுத்து வைத்துவிட்டுத்தான் ஆப்பத்தில் கை வைத்தார். பிலோமி கேட்டாள்:

"ஊசியெல்லாம் நம்மாண்ட வந்து சேந்துச்சா?"

"வந்துடுச்சி யக்கா. ஒரே ஒரு செவப்பு ஊசிதான் ஐயா வூட்டாண்ட மாட்டிக்கிச்சு. வலிச்சுப் பாத்தேன், தலை ஒடஞ்சு உள்ளயே நின்னுபூச்சு."

பிலோமி ஆப்பச்சட்டியை மூடிவைத்தாள்.

"அத்த வுட்டுடு. எந் தட்டுங்கல்லாம் அங்கதான கீது."