மருந்து அடித்த கொத்தமல்லி

முதலில் துடித்தது ஆண் முயல். கூண்டுக் கம்பியில் தலையை மோதி மோதி மூக்கில் ரத்தம் வந்தது, வாயெல்லாம் நுரை. பெண் முயல் கால்களை உதைத்து விறைத்தது. கால்மணி நேரத்தில் இரண்டும் செத்துவிட்டன.

திரும்பிப் பார்த்தால், எட்டு வயது மகள் ஜெசிக்கும் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. முயல்களுக்குப் போட்ட கொத்தமல்லியை அவளும் மென்றிருக்கிறாள். சுவரோரம் குனிந்து வாந்தி எடுத்தாள்.

எண்பதுகளின் கடைசி அது. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்போது தோட்டங்கள் இருந்தன. ஏழுமலையின் தோட்டத்தில் முயல்களுக்குத் தழை பறித்துக்கொள்வேன்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் ஜெசியின் கண்ணில் டார்ச் அடித்தார். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது.

“என்ன சாப்பிட்டா?”

“கொத்தமல்லி. அதைத் தின்ன முயல் ரெண்டும் செத்துடுச்சு டாக்டர்.”

“பூச்சிமருந்து விஷம். வாந்தி எடுத்தது நல்லதாப் போச்சு. முயலால வாந்தி எடுக்க முடியாது.”

அட்ரோபின் (இந்த விஷத்துக்கான மாற்று மருந்து) ஏற்றினார்கள். அந்த மருந்தின் வேகத்தில் ஜெசி பிதற்றினாள், அலறினாள், என் கையைக் கடித்தாள். கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள்.

மறுநாள் ஏழுமலை பார்க்க வந்தார். என் கணவர் அவர் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். முகத்தில் குத்தினார்.

“மருந்து அட்ச்சிகீது, ஒரு வாரம் தொடாதீங்கன்னு அக்காகிட்ட சொன்னேன் சார்!”

சொல்லியிருந்தார். குழாயில் கழுவினால் போதும் என்று நினைத்துப் பறித்தவள் நான். வாய் திறக்கவில்லை. இரண்டாவது குத்து விழுந்தது. மூன்றாவதில் அவர் முன்பல் தரையில் விழுந்தது.

“விடுங்க, அவர் சொன்னார்!” என்று கத்தினேன்.

கணவர் என்னை அடிக்கக் கை ஓங்கினார். பிறகு அந்தக் கையைச் சுவரில் அறைந்து அழுதார்.

ஜெசி ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தாள்.

முயல் வளர்ப்பவர்களுக்குச் சொல்கிறேன்: எந்தத் தழையானாலும் எப்போது மருந்து அடித்தது என்று கேளுங்கள். தெரியாவிட்டால் போடாதீர்கள். கழுவினால் எல்லாம் போய்விடாது. குழந்தையைக் கூண்டருகே தனியாக விடாதீர்கள்.

ஏழுமலை அதன்பிறகும் என்னோடு பேசினார். பல் போன சந்தில் காற்று சீட்டியடிக்கும். அதைக் கேட்டதும் என் முன்பல் கூசும். மூன்று குத்துக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? என் உடம்பில் அந்த நேரம் இன்னும் முடிந்தபாடில்லை.